அமுதவள்ளி டீச்சரின் கப்பல் விடுமுறை

கப்பல் டிக்கெட் போட்ட அன்றே அமுதவள்ளியின் விடுமுறை பறிபோய்விட்டது. ஆனால் அது அவளுக்குத் தெரியவரச் சில நாட்கள் பிடித்தன.

கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை அவள். கணவன் திருச்செல்வம் ஏர்கான் மாட்டுவது, கழுவுவது, கேஸ் நிரப்புவது என்று சொந்தமாகத் தொழில் செய்துகொண்டிருந்தான். அவனுடைய அண்ணன் சிவநேசன்தான் செந்தூலிலிருந்து போன் போட்டு இந்த யோசனையைச் சொன்னவர். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு மறுபடி அங்கேயே வந்து இறங்குவது. அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம், பந்திங்கில் இருக்கும் தங்கை அர்ச்சனாவின் குடும்பம், எல்லாரும் ஒன்றாக. அமுதவள்ளிக்குத் தலைகால் புரியவில்லை. "டீச்சர், இவன் என் பென்சில எடுத்துட்டான்" என்று யாரும் வந்து நிற்காத நாட்கள் என்று நினைத்தபோதே உடம்பு லேசானது.

பயணத்தைப் பற்றிப் பேச எல்லாரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் கூடினார்கள். ரசம் ஊற்றும் நேரத்தில் சிவநேசன் விஷயத்துக்கு வந்தார்.

"கப்பல்ல பிள்ளைங்களுக்குன்னு ஒரு கிளப் இருக்காம். பேர் பதியணுமாம், நேரத்துக்குப் போய் கூட்டியாரணுமாம். நமக்கு அதெல்லாம் எதுக்குலா? நம்ம வீட்டிலேயே டீச்சர் இருக்கா. அமுதா, நீயே ஒரு திட்டம் போட்டுடும்மா."

அமுதவள்ளி கணவனைப் பார்த்தாள். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். "அவளுக்கு இதெல்லாம் சும்மா ஜுஜுபிண்ணே" என்றான்.

மறுக்கத்தான் நினைத்தாள். அதற்குள் எல்லாரும் "தேங்க்யூ அமுதா", "தேங்க்ஸ் அண்ணி" என்று சொல்லி முடித்து, அடுத்துப் பாயாசத்துக்குப் போய்விட்டார்கள்.

சரி, செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று அவள் உட்கார்ந்து திட்டம் போட்டாள். மொத்தம் நான்கு பிள்ளைகள்தான். அவளுடைய மகள் யாழினி, சிவநேசனின் இரண்டு பையன்கள் கவினேஷ், லவினேஷ், அர்ச்சனாவின் சின்னப்பெண் மித்ரா. காலையில் மேல்தளத்தில் புதையல் வேட்டை, மதியம் ஓவியம், மாலையில் நீச்சல் குளம், கடைசி நாள் சின்னதாக ஒரு நாடகம். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். போட்ட வேகத்தில் பதில்கள் வந்து விழுந்தன.

முதலில் சிவநேசனின் மனைவி லோகேஸ்வரி. "மேல்தளம் வேணாம் அமுதா, வெயில். தை மாசம் என் தங்கச்சி கல்யாணம். பசங்க கருத்துப் போய் நின்னா போட்டோவுல நல்லாவா இருக்கும்?"

பிறகு அர்ச்சனா. "அண்ணி, மித்ராவுக்கு இனிப்பு கொடுக்காதீங்க, போன் காட்டாதீங்க, தண்ணிகிட்ட மட்டும் கொண்டு போயிடாதீங்க."

"நாம போறதே கப்பல்லதானே, அர்ச்சனா?"

"ஐயோ அண்ணி, அவளுக்கு வீசிங்."

சிவநேசன் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "காலையில ஒரு மணி நேரம் மேத்ஸ் போட்டுடும்மா. கவினேஷ் அடுத்த வருஷம் இடைநிலைப் பள்ளி, பார்ம் ஒன் போறான்."

மேல்தளத்தை நீக்கினாள். குளத்தை நீக்கினாள். நாடகத்தைத் தூக்கிவிட்டுக் கணக்கை வைத்தாள். புதையல் வேட்டைக்கான குறிப்புகளை எதுகை மோனையோடு தமிழில் எழுதி, வண்ணத் தாளில் ஒட்டி வைத்திருந்தாள். கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் லோகேஸ்வரி போன் செய்தாள்.

"தமிழ்ல எழுதிட்டியா? என் பசங்க மலாய்ப் பள்ளியாச்சே. அவனுங்களுக்குப் படிக்கத் தெரியாதே."

அமுதவள்ளி போனை வைத்துவிட்டு, சமையலறையில் நின்று ஒரு முழு கிளாஸ் தண்ணீர் குடித்தாள். பிறகு எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதினாள்.

கப்பலில் முதல் நாள் காலை பெரியவர்கள் பசியாறினார்கள். நாசி லெமாக், தோசை, மறுபடி நாசி லெமாக். பிறகு ஆளுக்கொரு பக்கம் கரைந்துபோனார்கள். அமுதவள்ளியின் மேசையில் நான்கு பிள்ளைகள் மட்டும் மீந்தார்கள்.

கணக்கு ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. லவினேஷ் பென்சிலை மூக்கில் விட்டுப் பார்த்தான். சரி, புதையல் வேட்டை என்று எழுந்தாள். வெயிலுக்குப் பயந்து அறைகள் இருக்கும் தளத்தின் நடைபாதையில்தான் குறிப்புகளை ஒளித்து வைத்திருந்தாள். பையன்கள் குறிப்பைத் தேடாமல் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கதவு திறந்தது. தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக ஒரு சீன அங்கிள் எட்டிப் பார்த்தார். அவரைக் கண்டு மித்ரா வீறிட்டு அழுதாள். கப்பல் ஊழியர் ஒருவர் வந்து, மிகுந்த மரியாதையோடு, "மேடம், மற்ற பயணிகள் தூங்குகிறார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார். அமுதவள்ளி மன்னிப்புக் கேட்டாள். கேட்கும்போதே கவினேஷ் லிப்டின் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினான்.

"கவினேஷ்! சுவர் பக்கம் நில்! கையைக் கட்டு!"

நான்கு பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். யாழினி மட்டும் மெல்லச் சொன்னாள், "அம்மா, நீங்க ஸ்கூல்ல பேசுற மாதிரியே பேசுறீங்க."

அது அமுதவள்ளிக்குச் சுருக்கென்று தைத்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேராகச் சிறுவர் கிளப்புக்குப் போனாள். அங்கே இருந்த பெண் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கப்பல் ஏறியபோதே பதிந்திருக்க வேண்டுமாம். இடம் நிரம்பிவிட்டதாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேறு யாருடைய பிள்ளைகளோ முகத்தில் புலி வரைந்துகொண்டிருந்தார்கள்.

பெரியவர்களைத் தேடிப் போனாள். லோகேஸ்வரியும் அர்ச்சனாவும் கால் மசாஜ் செய்யும் இடத்தில் கண்ணை மூடிக் கிடந்தார்கள். அர்ச்சனா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "மித்ரா அழுதாளா அண்ணி?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டாள். அர்ச்சனாவின் கணவன் குரு அறையில் தூங்கினான். சிவநேசனும் திருச்செல்வமும் கராவோக்கே அறையில் இருந்தார்கள். திருச்செல்வத்தின் கையில் மைக்.

அமுதவள்ளி உள்ளே போய் நின்றாள். பின்னால் நான்கு பிள்ளைகள். சத்தம் போடத்தான் வந்தாள். ஆனால் தலைக்கு மேல் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது.

"இந்த ஏர்கான் சத்தம் போடுது. கேக்குதா?" என்றாள்.

திருச்செல்வம் நிமிர்ந்து பார்த்தான். "ஆமா. உள்ள ஃபேன்ல அழுக்கு பிடிச்சிருக்கும்."

"ஏணி கேட்டு வாங்கியாரேன். கழட்டிக் கழுவி மாட்டிடுங்க. நீங்கதான் இருக்கீங்களே, வேற ஆள் எதுக்கு? உங்களுக்கு ஜுஜுபிதானே."

அவன் சிரித்தான். "என்னலா நீ? நான் லீவுல வந்திருக்கேன்."

"நானுந்தான்" என்றாள் அமுதவள்ளி.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. சிவநேசன் பாட்டுப் பட்டியலில் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார். அமுதவள்ளி மித்ராவின் கையை எடுத்துத் திருச்செல்வத்தின் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அறைக்குப் போய்ப் படுத்தாள். தூக்கம் வரவில்லை. நடைபாதையில் எந்தப் பிள்ளை கத்தினாலும் எழுந்து உட்கார்ந்தாள். வாட்ஸ்அப் டிங் டிங் என்றது. "அமுதா எங்க?" "பசங்களுக்கு அடுத்து என்ன?" "லவினேஷ் சட்டை எங்க கழட்டுனான்?" போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். அதன் பிறகு எப்போது கண் அசந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பொழுது சாயும்போது திருச்செல்வம் ஈரக் கால்சட்டையோடு வந்து கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். மூக்கும் நெற்றியும் வெயிலில் சிவந்திருந்தன. நான்கு பேரையும் குளத்துக்குக் கூட்டிப் போனானாம். அர்ச்சனா அலறியடித்து ஓடிவந்து, மித்ராவை விட மனமில்லாமல் தானும் சின்னக் குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றாளாம். வீசிங் கீசிங் ஒன்றும் வரவில்லையாம். லோகேஸ்வரி அண்ணி மட்டும் பையன்கள் கருத்துவிட்டதாக அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"உன்மேலயும் கோவமாத்தான் இருக்காங்க" என்றான்.

"இருக்கட்டும்."

"அண்ணன் நாளைக்கு மத்தியானம் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. காலையில நான்." நகத்தைச் சுரண்டினான். "பிரிக்பீல்ட்ஸ்லயே உன்னைக் கேட்டிருக்கணும்."

அவள் எழுந்து முகம் கழுவித் தலையை வாரிக்கொண்டாள்.

"அமுதா, காலையில என்ன விளையாட்டு வெக்கலாம்? ஒரே ஒரு ஐடியா மட்டும் சொல்லேன்."

சொல்வதற்கு அவளிடம் பத்து இருந்தது. நுனிநாக்கு வரை வந்தும் விட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"யோசிங்க" என்று சொல்லிவிட்டு, யாருக்கும் காத்திராமல், சூடாக ஒரு தட்டு கொய்த்தியாவ் சாப்பிடப் போனாள்.