சத்தமாகச் சொல்லுங்கள்

ஜேத்தி வளைவுக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தலைக்கு மேலே தில்லிப் பெரிய பள்ளிவாசலின் புது வாசல். சிவப்புக் கல்லும் வெள்ளைக் கல்லுமாக இழைத்த அந்த வளைவை இன்னும் மர முட்டுகள்தான் தாங்கிக்கொண்டிருந்தன. அவற்றைத் தட்டி எடுக்கச் சுத்தியோடு நின்றவன் அவள் தம்பி கோகா.

போன வருஷம் இதே இடத்தில் அவள் புருஷன் பீஜல் முட்டுகளைத் தட்டினான். சுண்ணாம்பு இறுகியிருக்கவில்லை. வளைவு விழுந்தது, அவனும் போய்ச் சேர்ந்தான். தட்டச் சொன்னவர் காதோடு காதாகச் சொல்லியிருந்தார். விசாரணையில், அவனாகவே அவசரப்பட்டான் என்று முடித்துவிட்டார்கள். செத்தவனா வந்து மறுக்கப் போகிறான்? சாவைக்கூட ஜேத்தி தாங்கிக்கொண்டாள். அந்தப் பழியைத் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சுல்தான் தொழுகைக்கு வருகிறாராம், அதற்குள் முட்டுகளை எடுத்தாக வேண்டுமாம். இன்று காலை கோகாவின் காதிலும் யாரோ குசுகுசுத்துவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டதும் சுண்ணாம்புக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவள்தான் ஜேத்தி.

"எந்திரிம்மா, வெளையாட்டா இது?" என்று கத்தினார் அதிகாரி ஹிஸாமுத்தீன்.

"எந்திரிக்கிறேன் ஹுஸூர். முட்டுகள எடுக்கச் சொல்றது யாருன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி உங்க வாயால சொல்லுங்க."

"அதை உஸ்தாத்தான் சொல்லணும்."

குராசானிலிருந்து வந்த தலைமைக் கொத்தனார் உஸ்தாத் பெஹ்ரூஸ் தாடியைச் சொறிந்தார். "நான் கட்டுறவன். நாள் குறிச்சது ஹுஸூர்."

"நாள்தான்யா குறிச்சேன். தட்டச் சொன்னேனா?"

"நானும் சொல்லலையே!"

"அப்ப முட்டு தானா எறங்கி நடந்துரும் போல," என்றான் ஒரு கல்தச்சன். சிரிப்பு எழுந்தது.

அதிகாரிக்கு முகம் சிவந்தது. "இவள இழுத்துப் போடுங்கடா!"

வளைவுக்குக் கீழே வர ஒருவனும் தயாராக இல்லை.

"அக்கா, வேலை போயிரும்," என்றான் கோகா.

"போகட்டும். உங்க மாமா உசுரோட பேரும் போச்சு. உன்னையும் அப்படி விட்டுக் குடுக்க மாட்டேன்டா." அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். "கடைசியா கேக்குறேன். தட்டச் சொல்றது யாரு?"

அதிகாரி உஸ்தாதைப் பார்த்தார். உஸ்தாத் வளைவைப் பார்த்தார். வேலையாட்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

கோகா சுத்தியைக் கீழே வைத்தான். "யாருமே சொல்லலையேக்கா."

ஜேத்தி எழுந்து புடவை மண்ணைத் தட்டினாள். கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"பாத்துக்கிட்டீங்கல்ல? அன்னைக்கும் இதே மாதிரிதான், யாருமே சொல்லலை."