நடு நரம்பு உள்ள கல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் நின்றபோது கிடைத்தது. எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் புதன்கிழமைதோறும் பொதுமக்கள் கொண்டுவரும் கற்களைப் பார்த்து, புதைபடிவமா வெறும் கல்லா என்று எழுதித் தருவார்கள். என் பையில் ஒரு டைனோசர் முட்டை இருந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த பெண்மணி அதை இரண்டு நொடி உருட்டிப் பார்த்துவிட்டு, "உருண்டைக் கல். அடுத்தவங்க வாங்க" என்றார். பழிவாங்க வேறு வழி தெரியவில்லை. அவரையே கதாநாயகி ஆக்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'மழை ஓய்ந்த அந்த மாலையில், கோடி ஆண்டுகள் உறங்கிய இலையொன்று மெல்ல'

அடித்துவிட்டேன். இலை உறங்காது. தவிர, அது இலையே இல்லை. (முடிச்சை இப்போதே அவிழ்த்துவிட்டேனா? போகட்டும். கதை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: கல் மேடத்துக்கு 'இல்லை' சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆபீசில் அவருக்குக் 'கல் மேடம்' என்றுதான் பெயர். பதினோரு வருடங்களாக, ஆமை ஓடு என்று வந்ததெல்லாம் வெடிப்பு விழுந்த களிமண் கட்டி. பாம்பு என்று வந்ததெல்லாம் கல்லில் நெளிந்து ஓடும் வெள்ளைக் கோடு. இலை என்று வருபவைதான் அதிகம்.*

* மாங்கனீஸ் கலந்த தண்ணீர் கல்லின் விரிசலில் கசிந்து, இருபுறமும் கறுப்பாகக் கிளை கிளையாகப் படியும். பார்த்தால் அச்சு அசல் இலை. கிளைகள் விரிசலிலிருந்து கிளம்பினால் தாது, நடு நரம்பிலிருந்து கிளம்பினால் இலை. மேடத்தின் முதல் சோதனை இதுதான். டைல்ஸ் பதிக்கிற ஒருவர் கல்லோடு வந்த அன்று, அதோடு நிறுத்திக்கொண்டார்.

3

டைல்ஸ்காரர் துண்டில் சுற்றிய கல்லை, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் (பழைய உவமைதான்; ஆனால் அப்படித்தான் வைத்தார்) மேசையில் வைத்தார்.

"பாத்து மேடம். திங்கக்கிழமை இதை வெச்சு எம்பொண்ணு கிளாஸ்ல நான் பேசணும். டீச்சரே கூப்பிட்டிருக்காங்க."

"நீங்களா?"

"நானேதான். ஏழாவதோட நின்னவன் மேடம். 'எங்கப்பா ஃபாசில் கண்டுபிடிச்சிருக்கார்'னு அவ ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்கா. எங்க வீட்டம்மா வேற, 'முதல்ல நம்ம பாத்ரூமுக்கு டைல்ஸ் போடுங்க, அப்புறம் விஞ்ஞானி ஆகலாம்'ங்குது. நீங்க இல்லைன்னுட்டா நான் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது."

மேடம் லென்ஸை வைத்துப் பார்த்தார். நடு நரம்பு. அடி முதல் நுனி வரை, கறுப்பாக, தெளிவாக. இன்னொரு முறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஒருமுறையாவது 'ஆமாம்' சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கும் ஆசை. சீட்டில் 'தாவரப் புதைபடிவம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"பாலிஷ் போட்டீங்களா? பளபளன்னு இருக்கே" என்று பேச்சுக்குக் கேட்டார்.

"பின்னே? நடுவுல ஒரு விரிசல் மேடம், அசிங்கமா. கல்லுப்பொடியில கறுப்பு கலந்து, பசையில குழைச்சு அடைச்சுட்டேன். நரம்பு மாதிரியே வந்துடுச்சு, பாத்தீங்களா? எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

மேடமும் கண்டுபிடிக்கவில்லை.

4

முடிவு அ: மேடம் சீட்டைத் திரும்ப வாங்குகிறார். எழுதிப் பார்த்தேன். டைல்ஸ்காரர் "பரவால்ல மேடம்" என்று சிரிக்க முயலும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

முடிவு ஆ: மேடம் வாயை மூடிக்கொள்கிறார். திங்கட்கிழமை முப்பது பிள்ளைகள் கைதட்டிவிட்டு ஒரு பொய்யை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். இதுவும் வேண்டாம்.

முடிவு இ: வகுப்பில் டைல்ஸ்காரர் விரிசலைப் பற்றியே பேசுகிறார். தண்ணீர் எப்படி இலை வரைந்தது, ஏழாவதோடு நின்ற ஒருவர் மியூசியத்தையே எப்படி அசத்தினார் என்று. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அதற்கு முன் யாராவது அவரிடம் உண்மையைச்

5

டைல்ஸ்காரர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். கல் மேடம் எழுந்து நிற்கிறார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்."

அவர் திரும்பி வருகிறார், முகமெல்லாம் சிரிப்பாக. மேடம் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். அடுத்த வரியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்க வேண்டாம்.