பக்கத்து நாற்காலி

மணி 2.40.

ஷைனி முதலில் அதைத்தான் பதிவேட்டில் எழுதினாள். பிறகுதான் பெயர், சின்னராசு. வயது நாற்பத்தொன்று. நர்சிங் படிப்பில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஆள் எப்போது வந்தார் என்பது முதலில். ஆள் யார் என்பது அதற்குப் பிறகு.

அது திங்கட்கிழமை. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றின் முதலுதவி அறை. மூன்று வருடமாக அங்கே அவள் மட்டும்தான். ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி.

சின்னராசு நடந்தேதான் வந்தார். கிரேனில் போன கம்பிக்கட்டு வயிற்றில் இடித்துவிட்டதாம். காயம் இல்லை.

"வவுத்த வலிக்குது சிஸ்டர். ஒரு மாத்திர குடு, போய்க்கினே இருக்கேன். அங்க ஆளு கம்மி."

"மொதல்ல உக்காருங்கண்ணா."

ரத்த அழுத்தம் தொண்ணூறுக்கு அறுபது. நாடி நூற்று இருபத்தாறு. கை சில்லிட்டு ஈரமாக இருந்தது. உள்ளே ரத்தம் கசியலாம், உடனே மருத்துவமனை என்று எழுதிவிட்டு ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் செய்தாள். வண்டி வந்து வாசலில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளி வெளியே போக வேண்டுமானால் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கேட் பாஸில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வள்ளூரில் வேறொரு வேலையைப் பார்க்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது 3.35. தச்சூர் கூட்டு ரோடு தாண்டியதும் சின்னராசு செத்துப்போனார்.

ஷைனிக்கு அழுகை வரவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு பேருக்குக் கண்ணில் விழுந்த தூசி எடுத்தாள். ஒருவருக்குக் கட்டு மாற்றினாள். டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பதிவேட்டை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று ஹெச்.ஆர். பரத் வாங்கிப் போனார். திருப்பித் தரவில்லை. வியாழக்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருவதாகச் சொன்னார்கள்.

புதன்கிழமை மதியம் மோனிகா போன் செய்தாள். கூடப் படித்தவள். இப்போது திருவள்ளூரில் அரசு நர்ஸ். திங்கட்கிழமை நடந்ததை ஷைனி அன்றிரவே அவளிடம் சொல்லியிருந்தாள்.

"இன்னாடி, துன்னியா?"

"ம்."

"நர்ஸ் சங்க ஃபார்ம் பாத்தியா? ரெண்டு வருசமா அனுப்பிக்கினே கீறேன். என் கல்யாணப் பத்திரிகையக் கூட உனக்கு ஒரு தபாதான் அனுப்பினேன்."

"சங்கத்துல சேந்து இன்னா ஆவப்போவுது மோனி? வருசத்துக்கு ஒரு மீட்டிங், ஒரு டைரி. நீதான் சொன்ன."

"இந்த வருசம் டைரியும் வர்ல." மோனிகா சிரித்தாள்.

"நெஜத்தச் சொல்லு மோனி. திங்கக்கெழம நான் மெம்பர் இல்ல. இப்ப சேந்தா எதுனா செய்வாங்களா?"



"வக்கீல் வெப்பாங்கன்னுலாம் சொல்ல மாட்டேன். நடந்து முடிஞ்சப்பறம் சேந்தா அது கெடைக்காது. கங்கம்மா மேடம் கீறாங்கல்ல, எங்க செக்ரட்டரி, அவங்ககிட்ட பேசினேன். மெம்பர் நம்பர் விழுந்துட்டா நாளைக்கு வந்து உன் பக்கத்துல உக்காருவாங்க. அவ்ளோதான். வாயத் தொறப்பாங்களான்னு கூட தெரியாது."

"சும்மா உக்காந்தா?"

"நீ ஒண்டியா இல்லன்னு எதிர்ல கீறவனுக்குத் தெரியும்ல."

ஷைனி மணியைப் பார்த்தாள்.

"அஞ்சு மணிக்குள்ள அனுப்புடி. வேல பாக்கறதுக்கு ப்ரூஃப் வெக்கணும். கம்பெனிப் பேப்பர்ல நர்ஸுன்னு இருக்கணும். அது இல்லாம நம்பர் தர மாட்டாங்க."

இரண்டு வருடமாக அந்த இடத்தில்தான் அவள் நின்றுபோயிருந்தாள். மோனிகாவிடம் சொன்னதில்லை. சின்னராசுவுக்குச் சம்பளம் போட்ட அதே காண்ட்ராக்டர்தான் அவளுக்கும் போட்டார். சம்பளச் சீட்டில் அவள் ஹெல்ப்பர். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஹெல்ப்பர். அவள் அப்பா ஸ்டீபன், சர்ச்சில் பார்ப்பவர்களிடமெல்லாம், எம்பொண்ணு கம்பெனி நர்ஸு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபார்மைப் பிரின்ட் எடுத்து நிரப்பினாள். பெயர், நர்சிங் கவுன்சில் பதிவு எண், பிறந்த தேதி. பதவி என்ற கட்டத்தை விட்டுவிட்டாள்.

மூன்றரைக்குப் பரத் வந்தார். இரண்டாவது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு சின்ன ஃபார்மாலிட்டி, சிஸ்டர். படிச்சுட்டு சைன் பண்ணிடுங்க."

டைப் அடித்த ஒரு தாள். ஆலையின் முத்திரை இருந்தது. 'பணியில் இருந்த செவிலியர் ஷைனி ஆகிய நான், 3.20 மணிக்குத் தொழிலாளி சின்னராசுவைப் பரிசோதித்தேன். நிலைமை சீராக இருந்ததால் ஓய்வெடுக்கும்படி கூறினேன்.'

இரண்டாம் முறை படித்தபோது அவள் கண் செவிலியர் என்ற சொல்லிலேயே நின்றது. மூன்று வருடத்தில் இந்த ஆலையின் எந்தத் தாளிலும் அவளுக்கு அந்தச் சொல் வந்ததில்லை.

"நர்ஸுன்னு போட்டிருக்கு சார்."

"நர்ஸ்தானே நீங்க?"

"பே ஸ்லிப்புல ஹெல்ப்பர்."

"அது காண்ட்ராக்டர் பண்ற வேலை. சைன் பண்ணுங்க, அடுத்த மாசம் கம்பெனி ரோல்லயே நர்ஸா எடுத்துக்கறோம். மேல பேசிட்டேன்."

"போடலன்னா?"

பரத் மேசைமேல் இருந்த பிபி கருவியின் ரப்பர் பந்தை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார்.

"ஒரு ஹெல்ப்பர் எப்படி பேஷன்ட் பார்த்தாங்கன்னு இன்ஸ்பெக்டர் கேப்பார். அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் சிஸ்டர்."

ஷைனி பேனாவை எடுத்தாள். டைப் அடித்த வரிகளுக்குக் கீழே எழுதினாள். 'மேலே உள்ளது சரியல்ல. நான் பார்த்த நேரம் 2.40. உடனே அனுப்பச் சொன்னேன். பாஸ் இல்லாததால் வண்டி போகவில்லை.' அதற்குக் கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே பதிவு எண்.

தாளைத் திருப்பித் தருவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து மோனிகாவுக்கு அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது.

"ஃபோட்டோ எதுக்கு?"

"சங்கத்துல ப்ரூஃப் கேட்டாங்க சார். நர்ஸுன்னு வேற பேப்பரு எங்கிட்ட இல்ல."

பரத் தாளைப் படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்தார். ஷைனி ஃபார்மை இழுத்து, விட்டுவைத்த கட்டத்தில் செவிலியர் என்று எழுதினாள். போனைப் பார்த்தாள். இன்னும் ஒரு டிக்தான், போய்ச் சேரவில்லை.

கதவருகே போனவர் திரும்பினார். சிஸ்டர் என்று கூப்பிடவில்லை.

"சரி, ஷைனி. நாளைக்கு பத்து மணிக்கு எங்க பக்கம் அஞ்சு பேர் இருப்போம். உன் பக்கத்துல வந்து யாரு உக்காரப் போறா?"