மெயினை அணைத்த பிறகும்

செத்தவர் மேல் பழி போடுவதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறார்? பேக்கரி மொட்டைமாடியில் சோலார் பலகையின் வயரை மாற்றும்போது மின்சாரம் தாக்கி அத்தான் இறந்த மறுநாளே ஆளாளுக்கு நீதிபதி ஆகிவிட்டார்கள். கவனக்குறைவு என்றார் பேக்கரிக்காரர். வயசாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்றார் எதிர்வீட்டுக்காரர். காலையிலேயே ஊற்றிக்கொண்டு போயிருப்பார் என்றுகூட ஒரு புண்ணியவான் திருவாய் மலர்ந்தான். அத்தானோ இருமல் மருந்து குடிக்கவே இரண்டு தடவை யோசிக்கிற மனிதர். முப்பது வருஷ எலக்ட்ரீசியன் மெயினை அணைக்காமலா கை வைப்பார் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

இதையெல்லாம் கேட்டும் வாயைத் திறக்காமல் நின்றவன் வெயில் வியாபாரி. இறந்தவருக்கு மச்சினன், அவர் மனைவியின் கூடப் பிறந்த தம்பி. மாடிகளில் சோலார் பலகை மாட்டுவது அவன் தொழில். "வெயிலை வித்துப் பொழைக்கிற ஒரே ஆளு எங்க மாப்ளதான்" என்று அத்தான் போகிற இடமெல்லாம் பெருமையடித்து, கடைசியில் அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. அத்தான் மேல் தப்பில்லை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று சொன்னால் அக்காவை இழக்க வேண்டியிருக்கும். மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அக்காவே போன் செய்தாள்.

"டேய், ஒரு பலகையும் உன் மீட்டரையும் எடுத்துக்கிட்டு வா."

"எதுக்குக்கா?"

"மெயினை அணைச்சப்புறம் கரண்ட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். பேக்கரில மாவு பிசையற பொண்ணு நேத்து வந்து சொல்லிட்டுப் போனா. அவ கண்ணு முன்னாலதான் அணைச்சிருக்காரு. அடுப்பெல்லாம் நின்னுபோச்சாம்." அக்கா மூச்சு வாங்கினாள். "ஸ்கூல்ல என் பொண்ணை, உங்கப்பா என்ன முட்டாளாடின்னு கேக்கறாங்களாம். புள்ள ராத்திரியெல்லாம் அழுவுது. நீ வாடா."

வேனில் பலகையை ஏற்றினான். மீட்டர் பையில் இருந்தது. பழைய போர்வை எப்போதும் வேனிலேயே கிடக்கும்.

அக்கா தையற்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்க, மாடியில் துணிகளையெல்லாம் எடுத்து ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் பலகையைச் சுவரில் சாய்த்து, அதன் இரண்டு வயர்களையும் மீட்டரில் கொடுத்தான். நாற்பது என்று காட்டியது.

"பாருக்கா. இது எதோடயும் சேரல, சுவிட்சும் இல்ல. ஆனாலும் நாப்பது வோல்ட்டு."

"எப்படிடா?"

எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் அவன் வாய் ஓயாமல் அளந்த கதைதான் இது. இன்று ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னான்.

"கறுப்பாத் தெரியுதுல்ல, அதான் செல்லு. ரெண்டு அடுக்கு சிலிக்கான். வெளிச்சம் வந்து இடிச்சா உள்ள இருக்கற எலக்ட்ரான் பிடி விட்டு ஓடும். ரெண்டு அடுக்குக்கும் நடுவுல ஒருவழிக் கதவு மாதிரி ஒண்ணு இருக்கு. அந்தப் பக்கம் போனது வந்த வழியாத் திரும்பறது கஷ்டம். எல்லாம் ஒரே பக்கமா முட்டிக்கிட்டு நிக்கும். வயரைக் கொடுத்தா அது வழியாச் சுத்தி வரும். அதான் கரண்ட்டு."

"வயரைக் கொடுக்கலன்னா?"

"முட்டிக்கிட்டே நிக்கும். கடைசில சூடாப் போயிடும். நூறு பங்கு வெளிச்சம் வந்தா இருபது பங்குதான் கரண்ட்டு. மிச்சம் பெரும்பாலும் சூடுதான். யாரும் எடுக்கலன்னா அந்த இருபதும் சூடு."

அக்கா கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தாடி! கொதிக்குதே!" கையை உதறியபடி கேட்டாள்: "என் மெஷின்ல மிதியிலேர்ந்து காலை எடுத்தா ஊசி நின்னுடும். இதுக்கு அப்படி ஒண்ணும் கிடையாதா?"

"கிடையாதுக்கா. கீழ மெயினை அணைச்சா கீழதான் செத்திருக்கும். மேல பலகையிலேர்ந்து வர்ற வயரு உயிரோடதான் இருக்கும்."

அந்நேரம் பார்த்து ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்தது. மாடியே மங்கியது. இரண்டு பேரும் மீட்டரைக் குனிந்து பார்த்தார்கள். நாற்பது முப்பத்தெட்டாயிற்று, அவ்வளவுதான்.

"மேகத்துக்குக்கூட மசியலியே," என்றாள் அக்கா. "அன்னிக்கு அங்க எத்தனை பலகை?"

"பன்னெண்டு. ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வரிசையா."

எலக்ட்ரீசியன் பெண்டாட்டிக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன. "நானூத்தி எண்பது," என்றாள். "வீட்டுக் கரண்ட்டு மாதிரி ரெண்டு மடங்கு. அதுல போயி ரெண்டு கையையும் வச்சிருக்காரு." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி, இப்ப இதை அணைச்சுக் காட்டு."

அவன் போர்வையை விரித்துப் பலகையை மூடினான். எண்கள் மளமளவென்று இறங்கி ஒன்றுக்கும் கீழே போய் நின்றன.

அக்கா போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதானா அது? நீ போர்வை போத்தறதைப் பாத்துட்டு, பேனலுக்குக் குளிருதா மாப்ளே, ஸ்வெட்டரும் பின்னிப் போடுன்னு சொன்னேன்டின்னு வீட்டுல வந்து விழுந்து விழுந்து சிரிச்சாரே." அவள் குரல் இறங்கியது. "அப்ப அவருக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா மூடாம விட்டாரு?"

தலையை ஆட்டினால் போதும். கதை முடிந்துவிடும். அக்கா நம்பிவிடுவாள், தம்பி தம்பியாகவே இருப்பான், அத்தான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போவார். அந்த ஒரு நொடி அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அப்படி ஆசைப்பட்டதற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"தெரியாதுக்கா," என்றான். "எதுக்கு மூடறோம்னு நான் அவருக்குச் சொன்னதே இல்ல. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

"ம்."

"அன்னிக்கு எனக்குப் போன் பண்ணாரு. நான் வேற ஒரு வீட்டு ஏணில பாதில நிக்கறேன். 'மாப்ளே, எலி கடிச்ச வயரை மாத்தணும். மெயினை அணைச்சாச்சு, கை வைக்கலாமா?'ன்னாரு." போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டான். "அதான் அணைச்சாச்சே அத்தான், தாராளமா வைங்கன்னேன்."

அக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"என்கிட்ட வேலை செய்யறவங்களுக்கு, மூடு மூடுன்னு ஒரு நாளைக்கு நூறு தடவை கத்தறேன். அவருகிட்ட வாய் வரலக்கா. முப்பது வருஷ அனுபவம். அவருக்குப் போயி நான் பாடம் எடுக்கறதா? மறுபடியும் சிரிப்பாரோன்னு கூச்சம். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

அறைவாள் என்று நினைத்தான். அறைந்திருந்தால் தேவலை.

"சுவத்துல ஆணி அடிக்கக்கூட அவரு யாரையும் கேக்க மாட்டாரு," என்றாள் அக்கா. "உன்னைக் கேட்டாரேடா."

சொல்லிவிட்டுச் சுடுகிற தரையிலேயே உட்கார்ந்து, செய்தி வந்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதாள். அவன் இரண்டடி தள்ளி நின்றான். பக்கத்தில் போய்த் தொட்டுத் தூக்க இனி தனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

அரைநாள் பள்ளி முடிந்து மகள் படியேறி வருகிற சத்தம் கேட்டது. பதினாலு வயசு, அப்பாவின் அதே நெற்றி. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா மேல தப்பில்லடி," என்றாள். "மெயினை அணைச்சுட்டுத்தான் கை வச்சிருக்காரு. பலகைய மூடாம அதை அணைக்க முடியாதாம், அது அப்பாவுக்குத் தெரியாது. மாமாதான் மீட்டர் வச்சுக் காட்டினான்."

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். தம்பியை ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைக்கு மாமா என்று ஒருவனாவது மிஞ்சட்டும் என்று தன்னை விட்டுவிட்டாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

பெண் பையைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓடி வந்து, அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் மாமா! நான் சொன்னேன், யாருமே நம்பல. நீங்கதான் கண்டுபிடிச்சீங்க." அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள். "திங்கக்கெழமை போயி எல்லார்கிட்டயும் சொல்றேன்." திடீரென்று நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப யார் மேலதான் மாமா தப்பு?"

"போடி, கீழ போயி முகத்தைக் கழுவு," என்று அக்கா அதட்டினாள்.

பெண் நகரவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் மேலதாம்மா," என்றான். "கை வைக்கலாமான்னு அப்பா என்னைத்தான் கேட்டாரு. மூடச் சொல்லாம, வைங்கன்னு சொல்லிட்டேன்."

அவள் உடனே கையை விடவில்லை. மாமா ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார், இப்போது சிரித்துவிடுவார் என்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கைகளை எடுத்துக்கொண்டு, அம்மாவின் பக்கம் போய் நின்றாள்.