மேனேஜரின் காது

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் அடுத்த வேளை சோறு எனக்குச் செரிக்காமல் போகட்டும். பெரிய மனிதர்கள் பிள்ளைகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வார்கள். அடுத்தவர் தலைமேல் எனக்கு உரிமை கிடையாது. என் வழுக்கைத் தலையில் நானே கை வைத்துச் சொல்கிறேன்: நடந்தது நடந்தபடி, உப்புக்கூடச் சேர்க்காமல்.

முப்பத்து நான்கு வருஷம் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவன் நான். ஊசி போட்டால் மாடு திரும்பிப் பார்த்து நன்றி சொல்லும் என்று பேர் எடுத்தவன். ஒரே ஒரு எருமை மட்டும் சொல்லவில்லை. அது வளர்ப்புச் சரியில்லாத எருமை.

எங்களுக்கு எதிர் வரிசையில், அகலமான ரோட்டைத் தாண்டி, மனிதர்களுக்கான ஆஸ்பத்திரி. அங்கே டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, யார் யாரைக் கேட்டாலும் இணைத்துவிடுகிற வேலை ஒரு அம்மாளுக்கு. பிறவியிலேயே கண் தெரியாது. தெருவுக்கே அவள் டெலிபோன் அக்கா. அவளைத் தினமும் வீட்டிலிருந்து நாலு தெரு, இரண்டு ரோடு தாண்டிக் கூட்டிவந்து, சாயங்காலம் திரும்பக் கூட்டிப்போவது மணல் நிறத்தில் ஒரு நாய். பெயர் மேனேஜர்.

"நாய்க்கு யாராவது இப்படிப் பேர் வைப்பாங்களாக்கா?" என்று முதல் தடவை கேட்டேன்.

"வேலையெல்லாம் நான் செய்யறேன். முடிவெல்லாம் அது எடுக்குது. வேற என்னன்னு கூப்பிடச் சொல்றீங்க?"

மேனேஜருக்குக் கண் சுமார்தான். காதுதான் மூலதனம். வண்டி எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், நிற்குமா நிற்காதா என்று காதாலேயே கணக்குப் போடும். பஸ் டிப்போக்காரர்கள் மாதம் ஒருமுறை வந்து அதன் முன்னால் பஸ்களை ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார்கள். எந்த பஸ்ஸுக்கு அது காதை மடக்குகிறதோ அதற்கு பிரேக் கட்டை மாற்றுவார்கள். மெக்கானிக்குகள் இதைப் பற்றி வெளியே பேசமாட்டார்கள். அவர்களுக்கும் மானம் இருக்கிறது.

அந்த மேனேஜரை ஒரு நாள் காலையில் அக்காவின் தம்பி தோளில் போட்டுத் தூக்கிவந்தார். அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். நாயின் முன்னங்கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. பாதத்தில் என்றைக்கோ ஏறிய கண்ணாடித் துண்டு, உள்ளேயே இருந்து சீழ் பிடித்து, இப்போது விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

"இத்தோட விட்டுடுக்கா," என்றார் தம்பி. "நாய நம்பி ரோட்டுல நடந்தது போதும். வீட்டுல இரு. மூணு வேளையும் உன் தம்பி பொண்டாட்டி தட்டு கொண்டாந்து வைப்பா."

"தட்டு வைக்கிற கை எப்ப சலிச்சுக்கும்னு எனக்குத் தெரியும்டா. தட்டு வைக்கிற சத்தத்துலயே தெரியும்."

"அவ அப்படிப்பட்டவ இல்ல."

"இன்னிக்கு இல்ல. நான் இன்னும் முப்பது வருஷம் இருப்பேன் தம்பி."

தம்பி கெட்டவர் இல்லை. ஒரு தடவை அக்கா நடைபாதை விளிம்பில் தடுக்கி விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டதிலிருந்து, அவள் வேலையிலிருந்து திரும்பும்வரை சாப்பிடாத மனிதர். நாய் போனால் அக்கா வீட்டில் உட்காருவாள், தனக்கு நிம்மதி என்று நினைத்தார். நாய் போனால் தன் கால் இரண்டும் போச்சு என்று அக்கா நினைத்தாள். இரண்டு பேர் நினைத்ததும் சரிதான். அதுதான் சங்கடம்.

எங்கள் டாக்டரம்மா சீழில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, வழக்கமான மருந்தைப் போட்டார். மூன்று நாள் போட்டும் சூடு இறங்கவில்லை. அதற்குள் பரிசோதனைத் தட்டு வந்தது. வட்டமான தட்டு, அதன் மேல் பத்துக் காகிதப் பொட்டு, ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து. ஒன்பது பொட்டைச் சுற்றிக் கிருமி புல்தரையாக வளர்ந்திருந்தது. ஒன்றைச் சுற்றி மட்டும் சுத்தமான வெறும் வட்டம்.

"அமிகாசின்," என்றார் டாக்டரம்மா. "அமினோகிளைகோசைடுன்னு ஒரு குடும்பம். ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் இதுக்கு உறவு. முரட்டுக் குடும்பம். இந்தக் கிருமியக் கொல்லும். ஆனா கிட்னிக்கும் காதுக்கும் ஆகாது. கிட்னி அடிபட்டா தேறி வரலாம். காது போனா போனதுதான், திரும்ப வராது."

"போயே போயிடுமா?" என்றாள் அக்கா.

"சொல்ல முடியாது. நிறைய நாய்க்கு ஒண்ணும் ஆகறதில்ல."

அக்கா மேஜையைத் தடவி மேனேஜரின் தலையைக் கண்டுபிடித்தாள். ஒரு காதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அடியிலிருந்து நுனிவரை தடவினாள். மறுபடி அடியிலிருந்து தொடங்கினாள். வெளியே வரிசையில் காத்திருந்த ஆடுகள்கூடக் கத்தவில்லை.

"உயிர் போனா காதும் கூடவே போயிடும். போடுங்க."

டாக்டரம்மா அன்றே வீக்கத்தைக் கீறிக் கண்ணாடியை எடுத்து, சீழை வழித்துக் கழுவினார். இந்த மருந்துக்குக் காற்று வேண்டும். காற்றுப் புகாத சீழ்மூட்டைக்குள் இருக்கிற கிருமியிடம் அது செல்லாது. கிட்னியைக் காப்பாற்ற நரம்பில் சலைன் ஓடியது. சீட்டில் 'தினம் ஒரு வேளை, ஏழு நாள்' என்று எழுதிவிட்டு, பிரசவத்தில் கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட ஒரு பால் பண்ணைக்குக் கிளம்பிப் போனார். இரண்டு நாள் திரும்பவில்லை.

தப்பு அங்கேதான் நடந்தது. செய்தவன் நான்.

மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா கேட்டாள்: "கம்பவுண்டர், அவ்வளவையும் ஒரே தடவையாவா போடுவீங்க?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"கொஞ்சம் கொஞ்சமாப் போடக் கூடாதா? காது தாங்கிக்கும் இல்ல?"

குழந்தைக்குச் சோற்றை உருட்டி உருட்டித்தானே ஊட்டுகிறோம்? எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்தக் காதைப் பார்த்தேன். அந்தக் குடும்பத்து மருந்து அதன் மேல் ஒரே பாய்ச்சலாகப் பாய்வதை நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒரு வேளை மருந்தை மூன்றாகப் பிரித்தேன். காலை, மத்தியானம், சாயங்காலம். இரண்டு நாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மேனேஜரின் முன்னங்காலுக்கு மேலே, அக்குளில் வைத்தேன். அதை வைத்து இதயத்தைத்தான் கேட்பார்கள். நான் கிருமியைக் கேட்டேன். பழக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

கிருமி என்றால் சின்னப் புள்ளி என்று நினைப்பீர்கள். உள்ளே ஓயாத கட்டட வேலை. ஒருவன் சீட்டைப் பார்த்து வரிசையாகப் படிப்பான். இன்னொருவன் படித்தபடி கல்லை அடுக்குவான். அந்தக் கல்லாலேதான் அதற்குச் சுவர், கூரை, எல்லாம். மருந்து நேராகப் போய்ச் சீட்டுப் படிக்கிறவனின் நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்காரும். அவனுக்குப் பார்வை தடுமாறும். ஒன்றை இன்னொன்றாகப் படிப்பான். அவ்வளவுதான் அதன் தொழில். கத்தி இல்லை, நெருப்பு இல்லை.

அன்றைக்கு நான் கேட்டது இது:

"மேஸ்திரி, ஆளுங்க வந்திருக்காங்க."

"எத்தனை பேரு?"

"நாலஞ்சு பேரு இருக்கும்."

"அவ்வளவுதானா? ஓரமா உக்காரச் சொல்லு. சலிச்சுப் போய் அவங்களே கிளம்பிடுவாங்க. நேத்தும் இப்படித்தான் வந்தாங்க."

பிறகு சிரிப்பு. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மாட்டிவிட்டேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபப்பட்டால் அவர் புருவம் இறங்கும். அன்றைக்குப் பாதாளத்துக்கு இறங்கியது.

"யாரக் கேட்டு மூணாப் பிரிச்சீங்க?"

"காது தாங்கட்டும்னு..."

"தாங்காது! அதுதான் தாங்காது! கிருமிய ஒரே அடியா அடிச்சா, மருந்து போன பிறகும் சில மணி நேரம் எழுந்திருக்காது. காதும் கிட்னியும் அப்படி இல்ல. ஒரு நேரத்துல இவ்வளவுதான் உறிஞ்சும். ஒரே வேளையாக் குடுத்தா கொஞ்சம் உறிஞ்சும், அதுக்குள்ள இரத்தத்துல மருந்து இறங்கிடும், மிச்ச நேரம் ஓய்வு. நீங்க நாள் பூரா ஓய்வே குடுக்காம சொட்டுச் சொட்டா ஊத்தியிருக்கீங்க. கிருமிக்கு இரக்கம், காதுக்குத் தண்டனை."

அன்றிலிருந்து ஒரே ஊசி. அன்று சாயங்காலமும் கேட்டேன்.

"மேஸ்திரி! வாசல்ல கூட்டம் தாங்கல!"

"நீ வேலையப் பாரு. இது என்னய்யா சுவத்துல? செங்கல் வைக்கச் சொன்னா கதவு வச்சிருக்கே?"

"கதவுன்னுதானே படிச்சான்!"

"நான் செங்கல்னுதான் படிச்சேன் மேஸ்திரி! கண்ணு இருட்டுது, என் நாற்காலில யாரோ உக்காந்திருக்கான்!"

"கதவ மூடு! அந்த வழியா இன்னும் உள்ள வரானுங்க!"

"மூடறதுக்குத் தாழ்ப்பாள் கேட்டேன். அதையும் தப்பாப் படிச்சு இன்னொரு கதவு குடுத்துட்டான்!"

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. ஒரு எதிரியின் வீடு இடிவதைக் கேட்டால் சந்தோஷப்பட வேண்டும் என்பார்கள். எனக்கு வரவில்லை. படித்தவன் மேல் தப்பில்லை, அடுக்கியவன் மேலும் தப்பில்லை.

சூடு இறங்கியது. கால் வற்றியது. சிறுநீரைத் தினமும் பார்த்தோம், கிட்னி தப்பித்துக்கொண்டது. காதுக்குப் பரிசோதனை எளிது: மேனேஜருக்குத் தெரியாமல் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவேன், டாக்டரம்மா முன்னால் நின்று காதைப் பார்ப்பார். நான்காம் நாள் காது திரும்பியது. ஐந்தாம் நாள் திரும்பவில்லை. இன்னொரு தடவை போட்டேன். மேனேஜர் டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தூக்கக் கலக்கமா இருக்கலாம்," என்றார் அவர். நாய் முழித்துக்கொண்டுதான் இருந்தது.

அக்காவிடம் நான்தான் சொன்னேன். பிரித்துப் போட்டதையும், அது எப்படித் தப்பு என்பதையும், தட்டு விழுந்ததையும் வரிசையாகச் சொன்னேன்.

"கொஞ்சம் கொஞ்சமான்னு கேட்டது நான்தானே," என்றாள்.

"போட்ட கை என்னோடது."

"இன்னும் எத்தனை ஊசி?"

"ரெண்டு."

"இப்ப நிறுத்தினா?"

"மிச்சக் கிருமி எழுந்துக்கும். அடுத்த தடவை அந்தத் தட்டுல வட்டமே இருக்காதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

அக்கா தன் காலடியில் படுத்திருந்த நாயை "மேனேஜர்" என்று மெல்லக் கூப்பிட்டாள். அது தலை தூக்கியதா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. என்னைக் கேட்கவும் இல்லை.

"போடுங்க கம்பவுண்டர். உயிரோட இருக்கட்டும். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

கடைசி இரண்டையும் போட்டேன். என் சர்வீஸில் அவ்வளவு மெதுவாக நான் பிஸ்டனைத் தள்ளியதில்லை.

எட்டாம் நாள் காலை அக்கா மேனேஜருக்குச் சேணத்தை மாட்டிக் கைப்பிடியைப் பிடித்தாள். ரோட்டைத் தாண்டி வேலைக்குப் போவதாக முடிவு. தம்பி மூன்று அடி பின்னால், விழுந்தால் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே நடந்தார். நான் வாசல்வரை என்று கிளம்பி, நடைபாதை விளிம்புவரை போய்விட்டேன்.

விளிம்பில் மேனேஜர் நின்றது. அக்கா நின்றாள். ரோடு இரண்டு பக்கமும் காலி. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேனேஜர் அசையவில்லை. கேட்டு நிற்கிறதா, ஒன்றும் கேட்காததால் பயந்து நிற்கிறதா என்று அதன் முகத்தில் எழுதியிருக்கவில்லை.

"அக்கா, ரோட்டுல ஒண்ணுமே இல்ல," என்றார் தம்பி. "அதுக்குக் கேக்கலக்கா. வா, வீட்டுக்குப் போலாம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். சரியாக என் முகம் இருந்த இடத்துக்கு.

"கம்பவுண்டர், எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

"கேக்குதுக்கா. வேன் ஒண்ணு. ரொம்பத் தூரத்துல, வளைவுக்கு அந்தாண்ட. எனக்கு முன்னாடியே மேனேஜருக்குக் கேட்டுடுச்சு."

தம்பியின் கை மெல்ல இறங்கியது. வேன் வந்தது, போனது. மேனேஜர் காலை எடுத்து வைத்தது. அக்கா ரோட்டைத் தாண்டி வேலைக்குப் போனாள்.

அதற்குப் பதினோரு வருஷம் முன்பே, என் காசநோய்க்காக இதே குடும்பத்து ஊசியைத் தொண்ணூறு நாள் எனக்குப் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறேன். எனக்கு இரண்டு காதும் கேட்காது.