மாடிக்கு ஒரு மறைப்பு

ஜீவமணி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில், நைட்டியோடு, தோளில் துண்டு போடாமல், ஒருவர் கண்ணிலும் படாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து கடல்காற்று வாங்க வேண்டும். மில்லர்புரத்தில் அது லேசில் நடக்கிற காரியமா? எதிர் மாடிக்குத் துணி எடுக்க வருகிற டயானா, இவள் காப்பியில் ஆடை படிந்திருப்பதைக்கூட அங்கிருந்தே சொல்லிவிடுவாள்.

"நானே மறைப்பு கட்டித் தாரேன்" என்றார் கணவர் செல்வதுரை. கட்டுவதற்கு முன்னால் திட்டம் போட்டார். போட்டார், போட்டார், ஒரு மாதம் போட்டார். யூடியூபில் வெள்ளைக்காரன் மரச்சட்டம் அறைவதை மூன்று தடவை பார்த்தார். யோசனை கேட்கக் கடைக்காரச் சிநேகிதர்களை மாடிக்கே அழைத்து வந்தார். அவர்களுக்குக் காப்பி சுமந்ததில் ஜீவமணியின் ஆறு மணி அந்த மாதம் பூராவும் பாழாய்ப்போனது. அவள் எங்கே, எதற்காக மறைந்து உட்காரப் போகிறாள் என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது.

கடைசியில் எல்லாத் திட்டத்தையும் மூட்டை கட்டிவிட்டு, பரணிலிருந்து ஒரு ஃபிளெக்ஸை இறக்கினார். வியாபாரிகள் சங்கத் தேர்தலில் நின்று தோற்றபோது அடித்தது. எட்டடி அகலத்துக்கும் செல்வதுரை கைகூப்பிச் சிரித்தார். இரண்டு இரும்புப் பைப்பை நட்டு, கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினார். படம் உள்பக்கம்.

"என்னங்க, மூஞ்சிய ஏன் இந்தப் பக்கமா வச்சிருக்கிய?"

"வெளிய வச்சா வெயில்ல வெளுத்துரும்லா?"

பக்கத்து வீட்டுப் பாஸ்கல், கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டியவர். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். "அண்ணாச்சி, நீரு மறைப்பு கட்டல, தோணிக்குப் பாய் விரிச்சிருக்கீரு. காத்து போவ அங்கங்க கிழிச்சு விடும். இல்லன்னா பைப்போட பிடுங்கிட்டுப் போயிரும்."

"என் படத்தையா கிழிக்கச் சொல்லுதீரு?" செல்வதுரைக்குக் கோபம் வந்துவிட்டது.

மறுநாள் ஆறு மணிக்கு ஜீவமணி போய் உட்கார்ந்தாள். டயானா தெரியவில்லை. காற்றும் வரவில்லை. அது வெளியே மோதி மோதிக் கணவரின் கன்னங்களை உப்ப வைத்தது. நாற்காலியை எங்கே நகர்த்தினாலும் அந்த இரண்டு கண்ணும் கூடவே வந்தன. இருபத்தாறு வருடமாக "ஏளா, எங்க போற?" என்று கேட்கிற அதே பார்வை. அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. கீழே போய் மீன் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

கடையிலிருந்து வந்த செல்வதுரை மாடியேறிப் பார்த்து அலறினார். "ஏளா! கண்ணையா கிழிச்ச?"

இரண்டு கண்ணிலும் பிறை வடிவில் ஓட்டை. அதன் வழியாகக் கடல்காற்று குளுகுளுவென்று வந்துகொண்டிருந்தது.

"காத்துக்கு வழி விடணும்னு பாஸ்கல் அண்ணன் சொன்னாவல்லா" என்றாள் ஜீவமணி, திரும்பாமலே. "இன்னும் வாய் பாக்கி இருக்கு."

செல்வதுரை வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினார்.