முதுகு நன்றாக இருக்கிறது

முதுகைத் திறந்து ஆறு ஸ்க்ரூ முடுக்கி மூடிய டாக்டர், மறுநாள் காலை வந்து போர்வையை விலக்கினார்.

"கால் விரலை ஆட்டுங்க மாஸ்டர்."

மாஸ்டர் ஆட்டினார். ஒரு வருஷமாக மரத்துக் கிடந்த கால் அது. "பிரமாதம்!" என்று தோளைத் தட்டிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கண் தெரிகிறதா என்று அவர் கேட்கவில்லை. முதுகுக்குக் கத்தி வைத்த ஆளிடம் எவன் கண்ணைப் பற்றிக் கேட்பான்?

மாஸ்டருக்குக் கண் தெரியவில்லை.

முதலில் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். தொட்டுப் பார்த்தால் கட்டு இல்லை, இமை இரண்டும் உப்பிக் கிடந்தன. "ஏழு மணி நேரம் குப்புறப் படுத்திருந்தீங்கல்ல, முகம் வீங்கத்தான் செய்யும். கண்ணுல களிம்பு வேற போட்டிருக்கு. மங்கலாத்தான் தெரியும்" என்றாள் நர்ஸ். அந்த மங்கலுக்காக அன்று முழுக்கக் காத்திருந்தார். சாயங்காலம் வீக்கம் வடிந்து இமை நன்றாகவே திறந்தது. இருட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கத்தி ஆஸ்பத்திரியை ரெண்டாக்கியிருப்பார்கள். இவர் துணி கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நூறு மடிப்புத் துணியை மேஜையில் அடுக்கி, குனிந்தபடி அதன்மேல் வெட்டு மெஷினை ஓட்டுகிற வேலை. கை ஒரு நூல் தப்பினால் நூறு சட்டையும் போச்சு. அப்படித் தப்பினால் உடனே வாயைத் திறக்கக் கூடாது, எத்தனை பீஸ் தேறும் என்று பார்த்துவிட்டுத்தான் முதலாளியிடம் போக வேண்டும் என்பது இருபத்தாறு வருஷப் பழக்கம். முதுகை ஒடித்ததும் அந்த மேஜைதான், இந்தப் புத்தியைக் கொடுத்ததும் அந்த மேஜைதான். நாளைக்குக் கொஞ்சமாவது தேறுமா பார்ப்போம் என்று மனுஷன் கண் விஷயத்திலும் வாயை மூடிக்கொண்டார்.

இன்னொரு காரணம் அவர் மனைவி. ஆபரேஷனே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவர் மாஸ்டர். "இப்படியே ஊர்ந்துகிட்டுக் கிடக்கப் போறீங்களா? ஒரு தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்து எந்திரிங்க" என்று மூன்று மாதம் அரித்தெடுத்து, தேதியும் வாங்கிக்கொண்டு வந்தது அவள்தான். விஷயம் தெரிந்தால் அவள் உயிரை வைத்திருப்பாளா என்று பயந்தார்.

அதனால் நாடகம் ஆடினார். அவள் செருப்புச் சத்தம் கேட்ட பக்கம் திரும்பி, "என்ன, சாப்பிடலையா? முகம் வாடிக் கிடக்கு" என்பார். தப்பவே தப்பாத கேள்வி, அவள் எந்தக் காலத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டாள்? கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினால், "கையில ஊசி இருக்கு, நீயே ஊட்டு" என்பார். "புது மாப்பிள்ளைன்னு நினைப்பு" என்று சிரித்துக்கொண்டே ஊட்டினாள். இரண்டாம் நாளும் இப்படியே ஓடியது. இருட்டு அரைப் பீஸ்கூடத் தேறவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் போனை நீட்டினாள். "பேத்தி போட்டோ அனுப்பியிருக்கா உங்க பொண்ணு. பாருங்க."

குரல் வந்த திசையில் கொஞ்சம் கீழே பார்த்துச் சிரித்தார். "அப்படியே உன் மூக்கு. அதே சப்பை மூக்கு."

இந்நேரம் அவள் ஒரு இடி இடித்திருக்க வேண்டும்.

"என்னங்க... போன் சார்ஜ் போயி அணைஞ்சு கிடக்கு."

மாஸ்டர் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"என்னைப் பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நான் இந்தப் பக்கம் வந்துட்டேன்."

அவள் போட்ட கூச்சலில் பாதி வார்டு ஓடி வந்தது. கண் டாக்டர் வந்து இமையை விரித்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"முழிச்சதுலேருந்து."

"மூணு நாளாவா? ரொம்ப நேரம் குப்புறக் கிடந்து, ரத்தமும் நிறையப் போனா, எப்பவாவது ஒருத்தருக்குக் கண் நரம்புக்கு ரத்தம் போதாமப் போயிடும். முதல் நாளே சொல்லியிருந்தா ரத்தம் ஏத்தியிருக்கலாம், பிரஷரைத் தூக்கிப் பாத்திருக்கலாம். பலன் இருந்திருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சியாவது பண்ணியிருக்கலாம்."

அவர் போனதும் அவள் பிடித்துக்கொண்டாள். "நான் தாங்குவேனா மாட்டேனான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? முப்பது வருஷத்துல நான் எதைத் தாங்கலை? இனிமே என்கிட்ட ஒரு வார்த்தை மறைச்சுப் பாருங்க!"

"மறைக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. கண் டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் போனார். கதவை யாரும் சரியாகச் சாத்தவில்லை.

"ரெண்டு நரம்புமே போயிடுச்சும்மா. இனி வராது. மெதுவா நீங்களே சொல்லிடுங்க."

பிறகு ரொம்ப நேரம் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம், ஸ்டூலை இழுக்கிற சத்தம்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"நரம்பு வீங்கியிருக்காம். மாத்திரை எழுதியிருக்கார். ஆறு மாசத்துல கொஞ்சம் கொஞ்சமாத் தெரிய ஆரம்பிச்சிடுமாம்."

குரலில் ஒரு பிசிறு இல்லை. முகத்துக்கு நேராகப் பொய் சொல்ல அவளுக்கு என்றைக்குமே வந்ததில்லை, பாதியில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மாட்டிக்கொள்வாள். இன்றைக்குத் தடுமாறாமல் சொல்லி முடித்துவிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது என்று சொல்ல மாஸ்டருக்கு வாய் வரை வந்தது.

"ஆறு மாசம்தானே, ஓடிப்போயிடும்" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"சளி பிடிச்சிருக்கா?"

"ஆமாங்க. இந்த ஏசி ஒத்துக்கலை."